சான்று எங்கே, தோழா?

தோழா!

"மன்னவா! ஆயிரம் ஆண்டுகள் கடந்தாலும் இந்த விமானத்தின் நிழல் மண்ணில் விழாது!" என்று பெருந்தச்சன் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வான். இராசராசன் அரியணையை விட்டு இறங்கி வந்து அவனை ஆரத் தழுவுவான். கொட்டகை அதிரும். கையொலி அடங்க ஒரு நிமிடமாவது ஆகும். அந்த உரையாடலை எழுதியவன் நான்தான். எழுதியதோடு நின்றேனா? இல்லை. பொதுக்கூட்ட மேடைகளிலும் அதையே முழங்கினேன். கோபுரத்தின் உச்சியிலே இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்றேன். உலகத்தார் கண்டறியாத கட்டடக் கலை என்றேன். ஒலிபெருக்கி நம் கையில். கூட்டமோ நம் எதிரில். ஏன் என்று கேட்பவர் யார் என்ற துணிவு எனக்கு!

கேட்டார் ஒருவர்.

ஒரு சிற்றூரில் நாடகம் முடிந்து அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தோம். ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் மேடைக்குப் பின்புறம் வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாடகத்தைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்து எழுந்து நின்றேன். அவர் கேட்டது இரண்டே கேள்விகள்.

"தம்பி, தஞ்சாவூருக்குப் போயிருக்கிறீர்களா?"

"போயிருக்கிறேன் ஐயா. மாநாட்டுக்குப் போகிற வழியிலே, காலையிலே."

"அந்த நிழல் செய்தி எங்கே எழுதியிருக்கிறது?"

வாய் திறந்தேன், சொல் வரவில்லை. யாரோ சொல்லக் கேட்டேன். அவர் வேறு யாரோ சொல்லக் கேட்டிருப்பார். பெரியவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பன்று, வகுப்பில் விடை தெரியாமல் நிற்கும் மாணவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "மாலை நான்கு மணிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு இருட்டிலே நடந்து போனார்.

போனேன், தோழா! மாலை நான்கு மணிக்குப் போய் நின்றேன். பெரிய கோயிலின் திருமுற்றத்திலே, 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த விமானத்தின் நிழல் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தது. கல் சூட்டுக்கு அஞ்சிய குழந்தைகள் அந்த நிழலுக்குள்ளேயே ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் எத்தனை மேடைகளில் இல்லையென்று முழங்கினேனோ அந்த நிழலில்தான் நானும் ஒதுங்கி நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். உச்சியில் இருப்பதும் ஒற்றைக் கல் அன்று. பல கற்களைச் செதுக்கி, பொருத்தி, ஒன்றுபோலத் தோன்றும்படி அமைத்தது என்பதைப் பின்னர் ஆய்வறிஞர்களின் நூல்களிலே படித்தேன். அப்படிப் பொருத்துவது எளிய செயலா என்ன?

வெட்கத்தோடு அடித்தளத்துப் பட்டியலைப் பார்த்தேன். எழுத்து! எங்கு நோக்கினும் எழுத்து! கருவறையைச் சுற்றி, தாங்குதளத்தின் வளைவுகளிலும் பட்டைகளிலும் வரி வரியாகத் தமிழ். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வடிவம் ஆதலால் 'க'வும் 'த'வும் தட்டுப்பட்டனவே தவிர, ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு முடித்துக்கொண்டவன் நான். ஆனால் பட்டம் பெற்றவர் பலரும் என் பக்கத்திலே நின்று, அந்த எழுத்தின் மீதே சாய்ந்து படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்தக் கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்கிறது. நேற்றும் அப்படித்தானா? இல்லை தோழா, இல்லை! வடமொழியில் எழுதப்பட்ட தலபுராணம் ஒன்று, கரிகாலன் தொழுநோய் தீர்வதற்காகக் கட்டிய கோயில் இது என்று கதை சொல்லிற்று. ஊரார் அந்தக் கதையை நம்பினர். கட்டியவன் பெயரோ அந்தச் சுவரிலேயே எழுதப்பட்டுக் கிடந்தது! நாள்தோறும் அதைச் சுற்றி வந்தோர் ஆயிரக்கணக்கினர். படித்துச் சொன்னவர் எவருமிலர். 1886ஆம் ஆண்டில் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் படித்தார். அவருக்குத் துணை நின்ற தமிழறிஞர்களும் படித்தார்கள். 1891 முதல் அந்தக் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக அச்சேறின. கோயில் எழுந்து ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பிறகு, அதைக் கட்டியவனுக்கு அது திரும்பக் கிடைத்தது. கல்லில் வெட்டிவைத்தவனையே மறந்த மக்கள் நாம். காற்றிலே பேசுகிற என்னைப் போன்றவர்களை எத்தனை நாள் நினைவு வைத்திருக்கப் போகிறோம்?

அந்தத் தொகுதியைத் தேடி ஒரு நூலகத்துக்குப் போனேன். தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். நாடகம் எழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, அதைத் திறந்தவன் மூடவில்லை. அதிலே என்ன இருக்கிறது என்கிறாய்? போர் முழக்கமா? அது கொஞ்சந்தான். கணக்கு, தோழா, கணக்கு! தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுக என்று மன்னன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். தன் பெயருக்குப் பக்கத்திலே பிறர் கொடுத்ததையும் எழுதச் சொன்ன மன்னன் அவன். எத்தனை கழஞ்சு பொன், எத்தனை முத்து, விளக்கெரிக்க எத்தனை ஆடு, அந்த ஆட்டை மேய்ப்பவன் யார் என்பது வரை எழுதினார்கள். நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். பொன் நிறுத்த எடைக்கல்லுக்கும் அதே பெயர். ஆடுகின்ற கூத்தனின் பெயரை அளவைக்கும் எடைக்கும் சூட்டிய அந்த அழகை எந்த நாடகாசிரியன் கற்பனை செய்திருப்பான்? நான் செய்யவில்லை.

சுற்றுச்சுவரில் இருக்கும் ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆடற்கலை வல்ல 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று முகவரி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலத்தின் விளைவாக 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவளுக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அவர்களோடு நட்டுவர், பாடுவோர், குழலூதுவோர், கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர்! நாவிதர் ஒருவருக்கு இராசராசப் பெருநாவிசன் என்று மன்னன் பெயரோடு சேர்ந்த பட்டம். கோயிலைக் கட்டிய தச்சர் தலைவனுக்கும் அப்படியே: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். நான் என் நாடகத்தில் அவனுக்கு வேறொரு பெயர் சூட்டியிருந்தேன்! உண்மையான பெயர் கல்லிலே காத்துக்கிடக்க, பொய்ப்பெயரைச் சொல்லிக் கையொலி வாங்கினேன்.

நக்கன் சேரமங்கை. அந்த நானூறில் ஒரு பெயர். இதைப் படித்த அன்று அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். விரும்பி வந்தாளா, இழுத்து வரப்பட்டாளா? கல் அதைச் சொல்லவில்லை. நெல் கணக்கைச் சொல்கிறது. நெஞ்சின் கணக்கைச் சொல்லவில்லை. சான்று பேசாத இடத்தில் நானும் பேசக்கூடாது என்பதை அவளிடந்தான் கற்றேன். நாடகத்தில் பேசலாம், ஆனால் அது நாடகம் என்று சொல்லிவிட்டுப் பேசவேண்டும்.

சுவர் ஓவியம் மட்டும் என்ன? கருவறையைச் சுற்றிய இருண்ட நடையிலே நாயக்கர் கால ஓவியங்களை மட்டுமே அதுவரை கண்டிருந்தனர். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி விளக்கோடு உள்ளே போனார். பெயர்ந்திருந்த காரையின் அடியில் இன்னொரு வண்ணம் தெரிந்தது. மேலே இருந்தது 17ஆம் நூற்றாண்டு. அடியிலே இருந்தது சோழர் காலம்! ஆயிரம் ஆண்டுக்கு முன் தமிழன் தீட்டிய முகங்கள், ஆடும் மகளிர், யானை மேல் சுந்தரர்! ஒரு காலத்தின் மேல் இன்னொரு காலம் பூசப்பட்டிருந்தது. மேலே பூசியதும் வரலாறுதான். அதைச் சுரண்டி எறிந்துவிடக் கூடாது. பின்னாளில் அறிவியல் முறையால் மேலடுக்கைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துத் தனியே பாதுகாத்தார்கள்.

இதுவரை படித்து மகிழ்ந்திருப்பாய். இனி நான் சொல்லப்போவது இனிக்காது.

அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு வருகிறது. வரி விதிக்காமல் கழித்துவிட்ட நிலங்கள் எவை என்று ஒரு பட்டியல். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையிலே பறைச்சேரி வருகிறது. கம்மாணச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்றொரு சொல்லும் வருகிறது! ஆம், தோழா. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நாம் நெஞ்சு விம்மிப் பேசும் மாமன்னனின் ஆட்சியிலே, அவன் ஆணையால் வெட்டிய கல்லிலே. என் நாடகத்தின் மூன்றாம் காட்சியிலே இராசராசன் சொல்வான்: "என் நாட்டில் உயர்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை!" அதற்கும் கையொலி உண்டு. நூலகத்து மேசை மேல் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கொள்கை உறுதி உள்ளவர், எனக்கு மூத்தவர். அவர் சொன்னார்: "இதை ஏன் நாமே வெளியில் சொல்லவேண்டும்? எதிரியின் கையில் நாமே வாளைக் கொடுப்பதா?" அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தமிழனுக்கு வரலாறே இல்லை என்று சொன்னவர்களோடு மோதி மோதித்தான் நம் முன்னோர் பெருமை பேசக் கற்றார்கள். பள்ளிப் பாடத்தில் சோழனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கப்பட்டால் மேடையில் அவனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கத்தான் தோன்றும். ஆனால், அந்த வாள் நம் உறையிலா இருக்கிறது, எடுத்துக் கொடுப்பதற்கு? ஊரறியக் கல்லில் இருக்கிறது, அச்சிலும் இருக்கிறது. எதிரி அதைப் படித்துக் காட்டும்போது நம் தோழன் கூட்டத்தில் திகைத்து நிற்கவேண்டுமா? அதுகூடப் பெரிதன்று. தீண்டாச்சேரி என்று எழுதப்பட்டதே, அந்தச் சேரியின் வழிவந்தவன் நம் கூட்டத்தில் முன்வரிசையிலே தரையில் உட்கார்ந்திருக்கிறான். நானூறு ஆடல் மகளிருக்கு வீட்டு எண் எழுதிய கல், அவன் பாட்டனுக்குப் பெயர்கூட எழுதவில்லை. ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது. அந்த ஒரு சொல்தான் அவன் வரலாற்றுக்கு அங்கே இருக்கும் சான்று. பெருமைக்கு இழுக்கு என்று அதையும் நாம் மறைத்துவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது என்ன? மூன்றாம் காட்சியின் அந்த வரியை அன்றே அடித்துவிட்டேன்.

அப்படியானால் கல்லில் இருப்பதெல்லாம் மெய்யா என்று கேட்பாய். கேள், கேட்கத்தான் வேண்டும்! கல் பொய் சொல்லாது; வெட்டச் சொன்னவன் சொல்லலாம். மெய்க்கீர்த்தி என்பது அரசன் தன்னைப் பற்றித் தானே எழுதுவித்துக்கொண்டது. தோல்வியைக் கல்லில் வெட்டிய மன்னன் உண்டா? காந்தளூர்ச் சாலையில் இராசராசன் செய்தது என்ன, கப்பல்களை அழித்தானா, வேறெதையும் நிறுத்தினானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நடந்ததை அவர் தமிழில் எழுதி வைத்தார். பிரெஞ்சு ஆளுநரின் துபாஷி, வாணிகர், அரண்மனைக்குள் நடமாடியவர். கண்ணால் கண்டதை எழுதினார் என்பது அதன் பெருமை. யாருடைய சம்பளத்தில் இருந்துகொண்டு கண்டார் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலே வெள்ளையர் ஆட்சிக் கால அறிக்கைகள் உள்ளன. தமிழ் ஏடுகள் என்ன எழுதுகின்றன என்று வாரந்தோறும் ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பியவை. நம்மை வேவு பார்த்தவன் எழுதியது! ஏடுகள் பல அழிந்துபோயின. வேவுக்காரன் குறிப்பு மிஞ்சியிருக்கிறது. பகைவன் கைப்பட எழுதியதும் சான்றுதான், பகைவன் எழுதியது என்ற நினைவோடு படித்தால்.

சான்றுக்காக ஏன் இத்தனை பாடு என்கிறாயா? அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து ஆடவல்லானின் செப்புத் திருமேனியைத் திருடிக் கடல் கடத்தினார்கள். 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கிற்று. கேட்டபோது உரிமைப் பத்திரம் காட்டினார்கள், பொய்ப் பத்திரம். நம் கையில் என்ன இருந்தது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் அந்தக் கோயிலிலேயே எடுத்து வைத்த ஒளிப்படம்! கலை ஆய்வுக்காக எவரோ எடுத்து, எண்ணிட்டு, பெட்டியில் வைத்த படம். படமும் சிலையும் ஒன்றே என்று நிறுவப்பட்டது. 2014இல் சிலை திரும்பி வந்தது. அந்தப் படம் இல்லையென்றால், எங்கள் ஊர்ச் சிலை என்று ஊரே கூடி அழுதாலும் எந்த நீதிமன்றம் நம்பியிருக்கும்?

தஞ்சையிலும் அதே கதைதான். இராசராசன் காலத்தில் கோயிலுக்கு வழங்கிய 60க்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளைப் பற்றிக் கல்வெட்டு சொல்கிறது. எத்தனை கைகள், அடி முதல் முடி வரை எத்தனை முழம், எத்தனை விரல் என்று அளவோடு சொல்கிறது. இன்று அங்கே மிஞ்சியவை மிகச் சில. கோயில் நிருவாகியாய் இருந்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் என்பவன் மன்னனுக்கும் உலோகமாதேவிக்கும் உருவம் செய்து வைத்தான். அவை என்று கொள்ளப்படும் இரண்டு சிலைகள் அகமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் இருந்தன. 2018இல் தஞ்சைக்கு மீண்டன. வழக்காடியவர்களின் கையில் வாளா இருந்தது? கல்வெட்டின் வாசகம் இருந்தது.

இத்தனை வலிமையுள்ள கருவூலத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? குடமுழுக்கு என்ற பெயரில் கல்வெட்டின் மீது வண்ணம் பூசுகிறோம். மணலைப் பீச்சி அடித்துக் கல்லைத் துலக்குகிறேன் என்று எழுத்தின் முகத்தைத் தேய்க்கிறோம். பளிங்குப் பட்டைகளை ஒட்டி மறைக்கிறோம். எழுத்துள்ள கல்லின் மீது துணி துவைக்கிறார்கள்; நானே கண்டிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எடுத்த மைப்படிகள் இருப்பதால் கல் போனாலும் எழுத்து பிழைத்தது. அந்த மைப்படிகளை வைத்திருந்த அலுவலகம் 1966இல் உதகையிலிருந்து மைசூருக்குப் போயிற்று. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரவேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட வேண்டியிருந்தது. மைசூர் மீது கோபப்படுமுன் நம் ஊர்க் கோயிற்சுவர் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். அரசு இல்லை, கல்லூரி இல்லை, பின்பலம் இல்லை. நூல், இதழ், நாடகத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். மற்றவர் குப்பை என்று எறிந்ததையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தத் திரட்டே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பழைய நாடகக் கொட்டகைகளின் கதையை எழுத வருகிறவன் அங்கேதான் போகவேண்டியிருக்கிறது. நம் கிளை அலுவலகங்களின் பரண் மேல் கிடக்கும் மாநாட்டு மலர்களும், கையேட்டில் எழுதிய தீர்மானங்களும், கைதானோர் பட்டியலும் என்ன ஆயின? பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது எடைக்குப் போட்டோம். கேட்டால் இடமில்லை என்கிறோம். கட்-அவுட் வைக்க மட்டும் இடம் இருந்தது.

நாடகத்தைத் திருத்தி எழுதினேன். பெருந்தச்சன் இப்போது குஞ்சரமல்லன். நிழல் காட்சி போய்விட்டது. அந்த இடத்திலே, கல்வெட்டைச் செதுக்குகிற கிழவன் ஒருவன் தீண்டாச்சேரி என்ற சொல்லுக்கு வந்ததும் உளியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருக்கிறான். அது கற்பனை என்று திரை விலகுமுன்பே அறிவித்துவிடுகிறோம். கையொலி குறைந்துவிட்டது, மறைப்பானேன்? ஆனால் அந்த இடத்தில் கொட்டகை இருமாமல் உட்கார்ந்திருக்கிறது.

அதே சிற்றூரில் சென்ற மாதம் மீண்டும் ஆடினோம். பெரியவர் வந்திருந்தார். முடிந்ததும் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பின்புறம் வந்தார். இம்முறை நிமிர்ந்தே நின்றேன்.

"நிழலை எடுத்துவிட்டீர்கள், நல்லது" என்றார். "இரண்டாம் காட்சியிலே மன்னன் வெற்றிலை போட்டுக்கொண்டே ஓலையில் கையெழுத்திடுகிறானே, தம்பி, அதற்கு என்ன சான்று?"

நாளை மறுநாள் நூலகத்துக்குப் போகிறேன்.